கர்ப்பப்பைக்கு ரத்தம் போகவில்லையாமே, டாக்டர்?

தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி ஐந்து பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரையும் விட்டுவிட்டேன். கடிதத்தின் சாரம் இது:

வயது 31. கல்யாணமாகி நான்கு வருடம். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு மாதம் கூட இருந்தார். அப்புறம் வருடத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு மூன்று வாரம். மாதவிலக்கு 28 முதல் 30 நாளுக்கு ஒரு முறை தவறாமல் வருகிறது. கரு கலைந்தது என்று எதுவும் இல்லை, கரு நிற்கவே இல்லை. மாமியார் சொல்லி ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். போன அன்றே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். அது மாதவிலக்கின் ஐந்தாம் நாள். ரிப்போர்ட்டில், கர்ப்பப்பைத் தமனிகளின் பி.ஐ. வலப்பக்கம் 3.2, இடப்பக்கம் 3.4, இரு பக்கமும் ‘நாட்ச்’ இருக்கிறது, உள்சவ்வு 4 மில்லிமீட்டர், அதன் அடியில் ரத்த ஓட்டம் தெரியவில்லை, பின்சுவரில் 1.8 சென்டிமீட்டரில் ஒரு ஃபைப்ராய்டு கட்டி, உள்சவ்வைத் தொடவில்லை, அதைச் சுற்றி ரத்த ஓட்டம் இருக்கிறது. “கர்ப்பப்பைக்கு ரத்தமே சரியாகப் போகவில்லை, அதனால்தான் கரு தங்கவில்லை” என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு வயிற்றில் தினம் ஒரு ஹெப்பாரின் ஊசி, சில்டெனாஃபில் மாத்திரை, ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 60,000 ரூபாய். கணவர் பணம் அனுப்பத் தயார். வீட்டில் அப்பத்தா, “உளுந்தங்களி கிண்டித் தின்னா ரத்தம் தானா ஓடும்” என்கிறாராம்.

“படத்தில் நீலம்தான் நிறைய இருந்தது, அது கெட்ட ரத்தமா? கட்டிக்கு ரத்தம் போகிறதென்றால் அது புற்றுநோயா? இத்தனை ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு ஆகாதா? ஊசியை ஆரம்பிக்கட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பேனா மை மாறிய எழுத்தில், மாமியாரைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதற்குத் தனியாக வருகிறேன்.

அம்மா, முதலில் ஒன்று. ஊசியை ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் எழுதிக்கொடுத்தவரிடமோ வேறொரு மகப்பேறு மருத்துவரிடமோ பேசி நிறுத்துங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் கர்ப்பப்பைக்கு ரத்தம் போகவில்லை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருப்பது வேறு, உங்களிடம் சொல்லப்பட்டது வேறு.

அந்த இயந்திரம் எதைப் பார்க்கிறது?

விடியற்காலையில் காரைக்குடியிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் புறப்பட்டுப் போகும்போது ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறீர்களா? எஞ்சின் நம்மை நோக்கி வரும்வரை ஹாரன் கீச்சென்று இருக்கும். நம்மைத் தாண்டிய அந்த நொடியில் சத்தம் இறங்கிவிடும். ஹாரன் மாறவில்லை, நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதும்தான் மாறியது. 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய அறிஞர் நட்சத்திரங்களின் ஒளியை வைத்து இதைச் சொன்னார். மூன்று வருடம் கழித்து ஹாலந்தில் ஒருவர் ரயிலில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி ஓடவிட்டு, தரையில் நின்றவர்களைக் காது கொடுத்துக் கேட்கச்சொல்லி அதைச் சோதித்தார். நம் ஊர் நாகசுரக்காரர்களை ஏற்றியிருந்தால் இன்னும் துல்லியமாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

உங்கள் ஸ்கேனிலும் அதேதான் நடக்கிறது. காதுக்குக் கேட்காத ஒலியை பிராப், அதாவது உடம்பில் வைத்துப் பார்க்கும் கருவி, அனுப்புகிறது. ஓடும் ரத்தச் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். எக்ஸ்ரே இதில் இல்லை, அதனால் கதிர்வீச்சும் இல்லை. அந்தப் பயத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். பிராபை நோக்கி வரும் ரத்தத்துக்கு வழக்கமாகச் சிவப்பு, விலகிப் போகும் ரத்தத்துக்கு நீலம். அவ்வளவுதான். அது நல்ல ரத்தம் கெட்ட ரத்தமும் இல்லை, தமனி சிரையும் இல்லை. வளைந்து ஓடும் ஒரே குழாய் பாதி சிவப்பாகவும் பாதி நீலமாகவும் தெரியும். பொத்தானை அழுத்தினால் இரண்டு நிறமும் இடம் மாறிக்கொள்ளும். பள்ளிப் புத்தகத்தில் சிரைக்கு நீலம் தீட்டிப் படித்தவர்கள் நாம் எல்லோரும். இந்தக் குழப்பம் வருவது இயற்கை.

3.2 என்ற எண்

பி.ஐ. என்பது ஒரு கணக்கு. ஒரு இதயத் துடிப்புக்குள் ரத்தத்தின் உச்ச வேகத்திலிருந்து துடிப்பின் கடைசி வேகத்தைக் கழித்து, சராசரி வேகத்தால் வகுக்க வேண்டும். அந்தத் தமனிக்கு அப்பால் ரத்தம் ஓட எவ்வளவு தடை இருக்கிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு. எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் போகிறது என்று அது சொல்வதே இல்லை. ஊருணிக்கு வரும் வரத்துக்காலில் தண்ணீர் துள்ளி ஓடுகிறதா, சீராக ஓடுகிறதா என்று கரையில் நின்று பார்க்கலாம். அதை மட்டும் வைத்து ஊருணியில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதோடு கர்ப்பப்பைக்கு வரத்து ஒன்று மட்டும் இல்லை. இரு பக்கமும் இடுப்புத் தமனியிலிருந்து பிரிந்து வரும் கர்ப்பப்பைத் தமனிகள் உண்டு. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பெருந்தமனியிலிருந்தே கிளம்பி சினைப்பைக்கு வரும் தமனிகளும் ஓரத்தில் இவற்றோடு கலந்துகொள்கின்றன.

இன்னொன்று, நாள் கணக்கு. மாதவிலக்கு முடியும் நேரத்தில் கர்ப்பப்பைக்கு அதிகம் ரத்தம் தேவையில்லை. தமனிகள் இறுகி இருக்கும், பி.ஐ. உயர்ந்தே இருக்கும். முட்டை வெளியாகி ஒரு வாரம் ஆகும்போது, கரு வந்தால் ஏற்றுக்கொள்ள உள்சவ்வு தயாராகும் சமயத்தில், தடை குறைந்து பி.ஐ. இறங்கும். உங்களுக்கு எடுத்தது ஐந்தாம் நாள். அன்று 3.2, 3.4 இருந்ததில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. 4 மில்லிமீட்டர் உள்சவ்வின் அடியில் ரத்த ஓட்டம் தெரியாததும் அப்படியே. இப்போதுதான் கழிந்துபோன சவ்வு அது. கோடையில் கண்மாய்க்குள் இறங்கிப் பார்த்துவிட்டு மழையே பெய்யாத ஊர் என்று சொல்வதுபோல இருக்கிறது அந்தத் தீர்ப்பு.

அப்படியானால் பி.ஐ. 3-ஐத் தாண்டினால் ரத்தம் போதாது என்ற கோடு எங்கிருந்து வந்தது? 1990-களின் தொடக்கத்தில், ஐ.வி.எஃப். சிகிச்சையில் கருவைக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் நாளில் அளந்தபோது, 3-க்கு மேல் இருந்தவர்களுக்குக் கர்ப்பம் நிற்கவில்லை என்று ஒரு ஆய்வு வந்தது. அது சிறிய ஆய்வு. அதில் இருந்தவர்கள் எல்லோரும் ஐ.வி.எஃப். பெண்கள், அளந்த நாளும் வேறு. பிறகு வந்த ஆய்வுகளில் அந்தக் கோடு நிலைக்கவில்லை. 3-க்கு மேல் இருந்தும் கர்ப்பமானவர்கள் இருக்கிறார்கள். இயற்கையாகக் கருத்தரிக்க முயலும் ஒரு பெண்ணின் ஐந்தாம் நாள் ஸ்கேனுக்கு அந்த எண்ணைக் கொண்டுவந்து பொருத்தக் கூடாது.

‘நாட்ச்’ என்ற சொல்லை இணையத்தில் தேடி, கர்ப்பகால ரத்த அழுத்தம் வரும் என்று படித்துப் பயந்திருக்கிறீர்கள். அலை வடிவத்தில் விழும் ஒரு சின்னப் பள்ளம்தான் அது. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு அது இருப்பது சகஜம். கர்ப்பம் நின்று, நஞ்சுக்கொடி வேரூன்றி, கர்ப்பப்பைச் சுவரின் சுருள் தமனிகள் அகன்ற பிறகு, ஐந்தாறு மாதத்துக்குள் அது மறைய வேண்டும். மறையாமல் நின்றால்தான் கவனிக்க வேண்டிய விஷயம். நீங்கள் இன்னும் அந்தப் படியில் கால் வைக்கவே இல்லையே.

இதை எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தொழில் தொடங்கிய காலத்தில் நானும் இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்து ஆஸ்பிரின் எழுதியிருக்கிறேன். வண்ணப்படம் புதிதாக வந்த நேரம். திரையில் நிறத்தைக் கண்டதும் அதற்கு ஒரு மருந்து கொடுக்கவேண்டும் என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பு இன்னும் பலருக்கு அடங்கவில்லை.

கட்டிக்கு ரத்தம் ஓடினால்?

கர்ப்பப்பைக்கு ரத்தம் குறைவு என்று ஒரு பயம், கட்டிக்கு ரத்தம் இருக்கிறது என்று இன்னொரு பயம். பாவம், ரத்தம் எங்கேதான் ஓடுவது? ஃபைப்ராய்டு என்பது தசைநார்க் கட்டி. அதைச் சுற்றி வளையம்போல ரத்த ஓட்டம் தெரிவதுதான் அதன் வழக்கமான அடையாளம். உங்கள் வயதில், 1.8 சென்டிமீட்டரில், உள்சவ்வைத் தொடாமல் இருக்கும் கட்டியைப் புற்றுநோய் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை; பொதுவாகக் கரு நிற்பதற்கும் அது குறுக்கே வருவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் போதும்.

சினைப்பையில் வரும் கட்டி என்றால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டத்துக்கு 1 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு, கட்டியின் மற்ற வடிவ அடையாளங்களோடு சேர்த்து எடைபோடுகிறோம். அங்கேயும் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லை. முட்டை வெளியான இடத்தில் உருவாகும் மஞ்சள் கருவுறை, நெருப்பு வளையம்போலத் தகதகவென்று தெரியும். தெரியாதவர் பார்த்தால் பதறிவிடுவார். அது முழு ஆரோக்கியத்தின் அடையாளம்.

உங்களுக்கு என்றில்லை, படிக்கும் எல்லாப் பெண்களுக்கும் ஒன்று. திடீரென்று அடிவயிற்றின் ஒரு பக்கம் தாங்கமுடியாத வலி, கூடவே வாந்தி என்றால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சினைப்பைக்கு இரண்டு வழியில் ரத்தம் வருவதால், முறுக்கியிருந்தாலும் டாப்ளரில் ஓட்டம் தெரிவதுண்டு. “ரத்தம் ஓடுகிறது, வீட்டுக்குப் போங்கள்” என்று அனுப்பினாலும் வலி அடங்கவில்லை என்றால் அன்று ராத்திரியே திரும்பப் போங்கள்.

அந்த மூன்று மருந்துகள்

ஹெப்பாரின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. திரும்பத் திரும்பக் கரு கலைந்து, ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற, ரத்தம் எளிதில் உறையும் கோளாறு உறுதியானவர்களுக்கு ஆஸ்பிரினோடு சேர்த்துக் கொடுப்பது நல்ல சிகிச்சை. உங்களுக்கு ஒரு தடவைகூடக் கரு கலைந்ததில்லை, அந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. காரணம் இல்லாமல் போட்டால் ரத்தக்கசிவு, அரிதாகத் தட்டணுக்கள் குறைவது, நீண்ட நாள் போட்டால் எலும்பு மெலிவது என்று தொல்லைகள்தான் மிஞ்சும். சில்டெனாஃபில் ரத்தக்குழாயை விரிக்கும், உண்மைதான். ஆனால் அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் கையில் அது சிக்கினால் ஆபத்து. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது அந்த அட்டையைச் சமையலறை ஜன்னலில் வைக்கும் வேலையே வேண்டாம். ஆஸ்பிரினுக்கும் இப்போது உங்களிடம் வேலை இல்லை. அல்சர், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது கெடுதலும் செய்யும்.

ஆஸ்பிரினுக்கு ஒரு காலம் வரும். கர்ப்பம் நின்ற பிறகு, 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இதே கர்ப்பப்பைத் தமனியை மறுபடி அளப்பார்கள். அந்த அளவோடு ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, உங்கள் வயது, எடை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு ஆபத்து அதிகம் என்று வந்தால், 16 வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுப்பது உண்டு. 37 வாரத்துக்கு முன் வரும் முன்சூல்வலிப்பை (கர்ப்பகால ரத்த அழுத்த நோயை) அது பாதிக்கும் மேல் குறைத்தது என்று 2017-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் ஆறாவது ஏழாவது வாரத்திலேயே “குழந்தைக்கு ரத்த ஓட்டம் பாருங்கள்” என்று நீங்களாகக் கேட்காதீர்கள். டாப்ளர் ஒலி ஒரே இடத்தில் குவிவதால் கொஞ்சம் சூடு உண்டாகும். பிஞ்சுக் கருவுக்கு அது தேவையில்லாதது. இதயத் துடிப்பைப் பார்க்க வேறு முறை அதே இயந்திரத்தில் இருக்கிறது.

அப்பத்தாவின் உளுந்தங்களிக்கு நான் எதிரி இல்லை. நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்டினால் எனக்கும் ஒரு உருண்டை அனுப்புங்கள். அது தமனியை விரிக்காது; 60,000 ரூபாய் கேட்கவும் கேட்காது.

நான்கு வருடமா, எட்டு மாதமா?

உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். கல்யாணமான புதிதில் இரண்டு மாதம். அப்புறம் வருடத்துக்கு ஆறு வாரம் வீதம் நான்கு வருடம். எல்லாம் கூட்டினால் நீங்கள் இருவரும் சேர்ந்து இருந்தது எட்டு மாதத்துக்கும் குறைவு. 35 வயதுக்குள் இருக்கும் தம்பதி, சேர்ந்து வாழ்ந்து ஒரு வருடம் முயன்றும் கரு நிற்கவில்லை என்றால்தான் குழந்தையின்மை என்று சொல்லிப் பரிசோதனையில் இறங்குவோம். உங்களுக்கு அந்தப் பட்டத்தையே அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த எட்டு மாதத்திலும் எத்தனை நாள் பொருத்தமான நாளாக இருந்திருக்கும்? உங்கள் சுழற்சியில் பத்தாம் நாளிலிருந்து பதினாறாம் நாள்வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருப்பது பலன் தரும். நம் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் லீவு போடுவது பொங்கலையும் பங்காளி வீட்டுக் கல்யாணத்தையும் பார்த்துத்தான். அடுத்த தடவை உங்கள் காலண்டரைப் பார்த்து டிக்கெட் போடச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் அங்கே போய் மூன்று நான்கு மாதம் இருந்து வாருங்கள். அந்த அறுபதாயிரத்துக்கு ஊசியைவிட விமானச் சீட்டு நல்ல செலவு.

ஐந்து பக்கத்தில் உங்கள் கணவருடைய பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. குழந்தை தள்ளிப்போகும் வீடுகளில் ஏறக்குறைய பாதியில் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும். விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும், சிங்கப்பூரிலேயே செய்துகொள்ளலாம். “அவரிடம் எப்படிக் கேட்பது” என்று தயங்குவீர்கள். இந்தப் பக்கத்தை அப்படியே போனில் அனுப்பிவிடுங்கள். நான் கேட்டதாக இருக்கட்டும். உங்களுக்கு இப்போதைக்கு தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு ஃபோலிக் அமிலம் தொடங்கினால் போதும். சேர்ந்திருந்து ஒரு வருடம் ஆகியும் நிற்காவிட்டால் அப்போது கருக்குழாய்ப் பரிசோதனை. நீண்ட பிரிவு தவிர்க்க முடியாதென்றால் அவருடைய விந்தணுவை உறைய வைத்து, உரிய நாளில் உள்ளே செலுத்தும் வழியும் உண்டு. அதைச் செய்யும் இடம் 2021-ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

உங்களிடம் கேட்டிருக்க வேண்டியது

“என்ன ஏது என்று சொல்லாமலே உள்ளே வைத்துப் பார்த்தார்கள், கூடப் பெண் யாரும் இல்லை, நான் கல்லாய்ப் போனேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனில் படம் துல்லியமாக இருக்கும், டாப்ளருக்கு அதுதான் வசதி, அதில் மறுப்பில்லை. ஆனால் முன்பே விளக்கி, சம்மதம் கேட்டு, ஒரு பெண் உதவியாளரை அருகில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிறுநீர்ப்பை நிரம்ப வயிற்றின் மேல் பார்க்கலாம், தெளிவு கொஞ்சம் குறையும். கல்யாணமாகாத பெண்களுக்கு அப்படித்தான் பார்க்கிறோம். பாதியில் நிறுத்தச் சொல்லவும் உரிமை உண்டு. படங்களும் ரிப்போர்ட்டும் உங்களுடையவை. மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அந்த இடத்தின் மேல் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எதற்கும் நடந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

ஓரத்தில் எழுதிய அந்த வரி

“அத்தைக்கு வயது 61, பதினைந்து வருடமாகச் சர்க்கரை, உடம்பும் கொஞ்சம் கனம். தீட்டு நின்று பத்து வருடம் ஆகிவிட்டது, போன மாதம் இரண்டு தடவை லேசாகப் பட்டது. சூடு என்கிறார், யாரிடமும் சொல்லாதே என்கிறார்.”

அம்மா, இந்த வீட்டில் அவசரமாக ஸ்கேன் தேவைப்படுவது உங்களுக்கு இல்லை, அவருக்கு. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது சூடு இல்லை. பெரும்பாலும் சவ்வு மெலிந்ததாலோ, பாலிப் என்ற சதை வளர்ச்சியாலோ வருவதாகத்தான் இருக்கும். ஆனால் இப்படி வருபவர்களில் பத்துக்கு ஒருவர்போல கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கலாம். சர்க்கரையும் உடல் எடையும் அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகும் நோய் அது.

ஸ்கேனில் முதலில் உள்சவ்வின் கனத்தைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரிய நிம்மதி. தாண்டினால் சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இங்கே டாப்ளர் உண்மையிலேயே கைகொடுக்கும்: ஒற்றை ரத்தக்குழாய் காம்புபோல உள்ளே போனால் பாலிப்பாக இருக்கலாம், ஒழுங்கில்லாமல் பல குழாய்கள் கிளைவிட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை. ஆனால் படம் எப்படி இருந்தாலும், சவ்வு தடித்திருந்தால் துணுக்குப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒருவேளை சவ்வு மெலிதாக இருந்தும் மறுபடி பட்டால், திரும்பவும் காட்ட வேண்டும்.

யாரிடமும் சொல்லாதே என்றார் என்பதால், “எனக்கு ஸ்கேன் பார்க்கணும், துணைக்கு வாங்க அத்தை” என்று சொல்லி அழைத்துப் போங்கள். உள்ளே போனதும் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்க வேண்டியதை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். இந்த வாரமே போங்கள், அடுத்த வாரம் என்று வைக்காதீர்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.